சோற்றைக் குறைப்பதா, எழுந்து நடப்பதா?

இருபத்தைந்து வயது, நாள் முழுக்க நாற்காலி வேலை. ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எண்) 5.9 சதவீதம் என்று வருகிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வுக் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். சரி, எதை முதலில் மாற்றுவது?

ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. மதியம் மூன்று கப் சாப்பிடுபவர் அதை ஒன்றரையாக்கி, பொரியலையும் பருப்பையும் கூட்டினால் சர்க்கரை ஏறும் உயரமே குறையும். தொப்பை கரையவும் இதுதான் வேகமான வழி. மாலையில் பிஸ்கட்டும் இனிப்பு டீயும் சேர்ந்தால் பலன் போய்விடும்.

நடை வேறு விதமாக வேலை செய்கிறது. தசை சுருங்கும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அசையாமல் கிடந்தால் நிலைமை தலைகீழ்: ஆரோக்கியமான இளைஞர்களைச் சில நாள் படுக்கையிலேயே வைத்தால்கூட இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. அதனால்தான் காலையில் ஒரு மணி நேரம் ஜிம், அப்புறம் ஒன்பது மணி நேரம் உட்கார்வது என்பதில் எனக்குத் திருப்தி இல்லை. சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடப்பது நல்லது. ஆனால் நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது.

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டியிருந்தால் தட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒல்லியாக இருந்தும் சர்க்கரை ஏறியவருக்கு நடையும் தசைப் பயிற்சியும் முதலில். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பாருங்கள்.