சத்தமா, சைகையா, பார்வையா? கால்பந்துக் களத்தில் எது எப்போது கைகொடுக்கும்

சாயங்காலம் புதுச்சேரி உப்பளம் மைதானத்திலோ கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலோ ஓர் ஆட்டம் நடந்தால், கோட்டுக்குப் பக்கத்தில் நின்று காதை மட்டும் தீட்டிக்கொள்ளுங்கள். "பாஸ் குடுடா!", "டேய், இங்க!", "மச்சி, மச்சி, மச்சி!" இவைதான் அதிகம் கேட்கும். எல்லாமே பந்தைக் கேட்கும் குரல்கள். பந்து வைத்திருப்பவனுக்கு ஒரு தகவலைத் தரும் குரல் எப்போதாவதுதான் வருகிறது. நம் பக்கத்துப் பையன்களுக்கு வேகம் இருக்கிறது, கால் வித்தை இருக்கிறது. ஆனால் நல்ல அணிகள்கூடத் தோற்பது பெரும்பாலும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லாத இந்த இடத்தில்தான்.

ஆடும்போது காதில் கருவி மாட்டிக்கொண்டு பேசிக்கொள்ள விதி இடம் தருவதில்லை. ஆக, பதினோரு பேருக்கும் இருப்பது குரல், கை, கண் மூன்றுதான். மூன்றையும் ஒரே அளவில் நம்பக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் குரல். முதுகைக் காட்டி நிற்பவனுக்கும் போய்ச் சேருவது இது ஒன்றுதான். நடுகளத்துக்காரன் தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்க இறங்கி வருகிறான். கண் பந்தின் மேல். முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் பாய்ந்து வருவது அவனுக்குத் தெரியாது. பந்தை அனுப்பும் ஸ்டாப்பருக்கு, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்பவனுக்கு, தெரியும். பந்து ஸ்டாப்பரின் காலை விட்டுக் கிளம்பும்போதே "மேன் ஆன்!" (பின்னால் ஆள் வருகிறான்) என்ற சத்தமும் கிளம்ப வேண்டும். அப்படி வந்தால் வாங்குபவன் ஒரே தொடலில் திருப்பிக் கொடுத்துவிடுவான். பந்து காலுக்கு வந்த பிறகு அதே சத்தம் வந்தால் பயனில்லை, அதற்குள் முட்டி மோதிப் பந்து போயிருக்கும். ஆள் இல்லாவிட்டால் "டர்ன்!" (திரும்பு) என்றோ "டைம்!" (நேரம் இருக்கிறது) என்றோ சொல்ல வேண்டும். பாஸ் கொடுப்பவனின் வேலை பந்தை உதைத்ததோடு முடிவதில்லை, அந்த ஒரு சொல்லும் பாஸில் சேர்த்திதான்.

கோல்கீப்பருக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே உயரமாக ஒரு பந்து இறங்கும்போதும் இதே கதைதான். கீப்பர் "கீப்பர்!" என்று முன்னதாக, பலமாக, ஒரே ஒரு முறை கத்த வேண்டும். கத்திவிட்டு மனம் மாறக் கூடாது. "விடு!" என்று மட்டும் சொன்னால் யார் விடுவது? அங்கே மூன்று பேர் நிற்பார்கள். பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "என் பால்" என்றோ "விடு" என்றோ கத்தினாலே ஃபவுல் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி விதி இல்லை. எதிரணிக்காரனைத் திசைதிருப்பும்படி கத்தினால்தான் தப்பு. அதற்கு மஞ்சள் அட்டையும், நேராகக் கோல் அடிக்க முடியாத இண்டைரக்ட் ஃப்ரீ கிக்கும் உண்டு.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கீப்பருக்குப் பதினேழு வயது, ஸ்டாப்பருக்கு முப்பது. "அண்ணா, லைன் ஏறுங்க" (பின்வரிசை முன்னே நகரட்டும்) என்று சொல்ல அந்தப் பையனுக்கு நாக்கு எழாது. மொத்த மைதானமும் தெரிகிற இடத்தில் நிற்பவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அணிக்குப் பாதிக் கண் போன மாதிரி. பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்: பெனால்டி பாக்ஸுக்குள் கீப்பர் சொல்வதுதான் பேச்சு, அண்ணனாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும்.

யார் எங்கே பேசுவது என்பதை அழகாகப் பிரித்து வைத்திருப்பது பார்வையற்றோர் கால்பந்து. 2004 ஏதென்ஸிலிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. பந்துக்குள் ஓசை எழுப்பும் பொருள் இருக்கும்; பந்தை நோக்கிப் போகிறவர் "வோய்" என்று குரல் கொடுக்காவிட்டால் ஃபவுல். தற்காப்புப் பகுதியில் பார்வையுள்ள கோல்கீப்பர் வழிசொல்வார், நடுப்பகுதியில் பயிற்சியாளர், எதிரணி கோல் பக்கம் அதன் பின்னால் நிற்கும் வழிகாட்டி. ஒருவர் பகுதியில் இன்னொருவர் பேசுவதில்லை. ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர்களும் அமைதி காப்பார்கள். நம் அணிகளில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறோம், அதில் எதுவும் யாருக்கும் கேட்பதில்லை.

குரலின் பலவீனம் நம் கடற்கரையில் நன்றாகவே தெரியும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிட்டால், தேவனாம்பட்டினம் மணலில் ஆடும்போது இருபது மீட்டர் தள்ளி நிற்பவனின் சத்தம்கூடக் கரைந்துவிடும். இறுதி ஆட்டம் என்றால் விசிலும் மேளமும் வேறு. அப்புறம், நாம் கத்துவது எதிரணிக்கும் கேட்கும்.

அங்கேதான் கை வருகிறது. ஓரத்தில் ஆடும் விங்கர் காலடியைக் காட்டினால் பந்து காலுக்கு வேண்டும். முன்னால் உள்ள வெற்றிடத்தைக் காட்டினால் ஓடப் போகிறான். பின்னால் ஒட்டி நிற்கும் டிஃபெண்டருக்கு எதுவும் கேட்காது. 1966 உலகக் கோப்பையில் மொழிச் சிக்கலால் வந்த குழப்பத்துக்குப் பிறகு இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டன் யோசித்த மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 மெக்ஸிகோவில் வந்ததும் இதே காரணத்தால்தான், பார்த்தாலே புரிய வேண்டும் என்று. ஆனால் ஓடுகிற ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவன் தலை நிமிர்ந்தால்தான் கை தெரியும். அதனால் கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் அப்பால் சைகையை நான் பெரிதாக நம்ப மாட்டேன்.

பார்வை இந்த இரண்டிலிருந்தும் வேறு. அது பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. பந்து வருவதற்கு முன் அதிகமாகத் திரும்பிப் பார்க்கும் வீரர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சரியான ஆளிடம் சேர்வதை நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட்டின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடலூரிலிருந்து இந்திய மகளிர் அணியின் நடுகளத்துக்குப் போன இந்துமதி கதிரேசனைப் போல ஆட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: பந்து வரும் முன் இரண்டு தோளுக்குப் பின்னாலும் ஒரு முறை பார்த்துவிடு. கோல் அடிக்க முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கு இன்னும் ஒரு படி மேலே. அவன் கத்திக் கேட்டால் டிஃபெண்டரும் கூடவே கிளம்புவான். கண்ணால் ஒரு பார்வை, உடனே ஓட்டம். அந்த ஓட்டமே சேதி.

இதற்கு ஒரே தடை, மாதக்கணக்கில் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டிக்குக் காலையில் ஆள் சேர்த்துக்கொண்டு போகும் அணிக்குப் பார்வை கைகொடுக்காது. அங்கே குரல்தான், அதுவும் கீப்பரிடமிருந்தும் ஸ்டாப்பரிடமிருந்தும். தினம் பயிற்சி செய்யும் அணி என்றால் பின்வரிசை பேசட்டும், முன்வரிசை பார்க்கட்டும்.

முன்வரிசை வாயே திறக்கக் கூடாது என்றும் இல்லை. 2020-ல் ஜெர்மனியில் ஆளில்லாத அரங்குகளில் ஆடியபோது பயர்ன் மியூனிக் முன்வரிசை வீரர் தாமஸ் முல்லரின் குரல் தொலைக்காட்சியிலேயே தெளிவாகக் கேட்டது. அவருக்கு "ரேடியோ முல்லர்" என்றே பெயர். எதிரணி பின்னால் பந்தை உருட்டும்போது எல்லோரும் சேர்ந்து நெருக்குவதற்கு முன்னால் நிற்பவனின் குரல்தான் வேண்டும். பந்து நம்மிடம் வந்த பிறகு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஓடினால் போதும்.