சிக்னல்: ரகசியத்துக்கு முழு மார்க், ஆள் சேர்ப்பதில் பாதிதான்

வாட்ஸ்ஆப்பிலிருந்து சிக்னல் என்ற மெசேஜ் ஆப்புக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு: மாறுங்கள், ஆனால் வாட்ஸ்ஆப்பை அழித்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் அது நடக்கிற காரியமா? டியூஷன் டீச்சர், புளோக் குழு, கோயில் உபயக்காரர்கள், தேக்காவில் மட்டன் ஆர்டர் எடுக்கும் அண்ணன், எல்லாரும் வாட்ஸ்ஆப்பில்தான் இருக்கிறார்கள். என்னிடம் சிக்னல் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் மட்டும்.

வாட்ஸ்ஆப்பிலும் என்கிரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு என்பார்கள். இருக்கிறது, 2016 முதல் அதில் ஓடுவதே சிக்னல்காரர்கள் எழுதிய புரோட்டோகால்தான், அதாவது அந்தப் பூட்டு வேலை செய்யும் முறை. என்ன எழுதினீர்கள் என்பது இரண்டிலுமே வெளியே தெரியாது. யாருக்கு, எப்போது, எத்தனை தடவை எழுதினீர்கள் என்ற விவரத்தில்தான் வித்தியாசம். 2016-ல் அமெரிக்காவில் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டு நீதிமன்ற சம்மன் வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரோடு இணைந்தது. வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை. எனக்கு இந்த ஒரு காரணம் போதும். விளம்பரமும் கிடையாது, நடத்துவது லாப நோக்கற்ற அறக்கட்டளை. 2018-ல் அதற்கு 5 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தவர் வாட்ஸ்ஆப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் (வேடிக்கைதான்).

குறை இல்லாமல் இல்லை. 2024-லிருந்து யூசர்நேம் வைத்து எண்ணை மறைத்துக்கொள்ளலாம், ஆனாலும் பதிவு செய்யக் கைப்பேசி எண் கட்டாயம். மாஸ்டடான் (சமூக ஊடகம்), மேட்ரிக்ஸ் (மெசேஜ் சேவை) மாதிரி சொந்தமாக சர்வர் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு பேசவும் வழியில்லை, எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். 2025 அக்டோபரில் அமேசான் வாடகைக்கு விடும் சர்வர்கள் (கிளவுட்) படுத்தபோது சிக்னலும் கூடவே படுத்தது, எல்லாம் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று பரவலாக்கம் பேசும் நண்பர்கள் இதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் மின்னஞ்சலைப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம், அதனாலேயே எல்லாரையும் ஒரே நாளில் மாற்ற யாராலும் முடியாமல், இன்றுவரை பெரும்பாலான கடிதங்கள் முழு என்கிரிப்ஷன் இல்லாமலேதான் போகின்றன. சிக்னலோ 2023-ல் இந்தப் பூட்டை வருங்காலத்தில் உடைக்கக்கூடிய குவாண்டம் கணினிகளைச் சமாளிக்கும் பாதுகாப்பை ஒரு அப்டேட்டில் கொண்டு வந்தது, என் மாமியாருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மேட்ரிக்ஸில் எந்த சர்வர், எந்த ஆப் என்று அவரிடம் கேட்டால் பேசாமல் போனே பண்ணிவிடுவார்.

அலுவலகத்தில் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற நிரல் எழுதும் முறையில் பித்துப் பிடித்த ஒருவர் இருக்கிறார், வாட்ஸ்ஆப் சர்வர் அந்த வகை மொழியான எர்லாங்கில் ஓடுகிறது, சிக்னல் சர்வர் ஜாவாவில் ஓடுகிறது, அதனால் வரமாட்டேன் என்கிறார். சரி, இருக்கட்டும்.

பேக்கப் நெடுநாள் தலைவலியாக இருந்தது. 2025-ல் வந்த ஆன்லைன் பேக்கப்பில் மெசேஜ்களும் கடைசி 45 நாள் படங்களும் இலவசம், அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதம் சுமார் இரண்டு அமெரிக்க டாலர். 64 எழுத்துள்ள மீட்புச் சாவி ஒன்று கொடுப்பார்கள், அதைத் தொலைத்தால் சிக்னலாலும் மீட்டுத் தர முடியாது, எழுதி வையுங்கள்.

இங்கே வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள், சிங்கப்பூர் சிம்மை விடுவதற்கு முன்பே சிக்னல் செட்டிங்ஸில் எண்ணை மாற்றிவிடுங்கள். உரையாடல், குழு எல்லாம் அப்படியே இருக்கும். விட்ட எண் நாளைக்கு வேறு யாருக்காவது போகும்.