ஷேப்ஃபைல், ஜியோபேக்கேஜ், போஸ்ட்ஜிஐஎஸ்: நிலப்படத் தரவை எதில் வைப்பது?

புவித்தகவல் வேலைக்குள் வரும் எவரும் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் சிறந்தது என்ற கேள்வியைத்தான். கியூஜிஐஎஸ்ஸா, ஆர்க்ஜிஐஎஸ்ஸா என்ற அந்த வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. மென்பொருளைச் சில வாரங்களில் மாற்றிப் பழகிக்கொள்ளலாம். தரவை எதில் சேர்த்து வைத்தோம் என்பதுதான் பல ஆண்டுகளுக்கு நம் கையைக் கட்டிப் போடுகிறது. அந்த முடிவை யாரும் உட்கார்ந்து யோசித்து எடுப்பதும் இல்லை. முதல் நாள் யாரோ அனுப்பிய கோப்பு எந்த வடிவத்தில் வந்ததோ, அதுவே நிலைத்துவிடுகிறது.

ஷேப்ஃபைல், ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவங்கள், போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தள நீட்சி ஆகிய மூன்றையும் ஒப்பிடும்போது பலரும் கோப்பின் அளவை அளவுகோலாகக் கொள்கிறார்கள். சிறியது என்றால் கோப்பு, பெரியது என்றால் தரவுத்தளம் என்று சொல்லிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அந்த அளவுகோல் தவறானது. பத்து லட்சம் பலகோணங்களை ஒரே ஆள் ஆய்வு செய்கிறார் என்றால் ஜியோபேக்கேஜ் தாராளமாகத் தாங்கும். வெறும் 300 கிணறுகளின் புள்ளிகள்தான், ஆனால் நான்கு பேர் நாள்தோறும் திருத்துகிறார்கள் என்றால் அங்கே தரவுத்தளம் இல்லாமல் நிம்மதி இல்லை. எத்தனை கைகள் எழுதுகின்றன என்பதே முதல் கேள்வி.

ஷேப்ஃபைலிலிருந்து தொடங்குவோம். பெயரில்தான் அது ஒருமை. உண்மையில் அது ஒரு கோப்புக் கூட்டம்: வடிவங்களுக்கு ஒன்று, அவற்றின் இருப்பிடத்தைச் சுட்ட ஒன்று, பெயர், ஆழம் போன்ற பண்புகளுக்கு ஒரு டிபிஎஃப், ஆயத்தொலைவு முறையைச் சொல்ல ஒரு பிஆர்ஜே, எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்ல ஒரு சிபிஜி. கடைசி இரண்டும் கட்டாயமில்லை என்பதால் மின்னஞ்சலில் போகும்போது அவைதான் முதலில் தொலையும். பிஆர்ஜே இல்லாமல் வந்த கோப்பு, எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் எண்களை மட்டும் கொட்டிவிட்டுப் போனதற்குச் சமம்.

1990களின் தொடக்கத்தில் எஸ்ரி நிறுவனம் ஆர்க்வியூவோடு கொண்டுவந்த வடிவம் இது. அதன் உள்ளமைப்பை விளக்கும் ஆவணத்தை 1998 ஜூலையில் அந்நிறுவனமே பொதுவில் வெளியிட்டது. அதனால்தான் இன்றும் எல்லா மென்பொருளும் அதைப் படிக்கின்றன, எழுதுகின்றன. அந்தத் திறந்த மனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பண்புகளுக்காக அது தேர்ந்தெடுத்த டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் அமைப்பின் வரம்புகளை இன்றுவரை சுமக்கிறோம். புலத்தின், அதாவது பண்பு அட்டவணையின் நெடுவரிசையின், பெயர் 10 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. உரை 254 பைட்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு கோப்பும் 2 ஜிபிக்குள் அடங்க வேண்டும். தேதியை எழுதலாம், நேரத்தைச் சேர்த்து எழுத முடியாது. மதிப்பு தெரியாத எண்ணைச் சில மென்பொருள்கள் வெற்றிடமாக விடும், சில 0 என்று எழுதிவிடும். ஆழம் அளக்கப்படாத கிணறும் ஆழமே இல்லாத கிணறும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

தமிழில் பண்புகளை எழுதுபவருக்கு இந்த வரம்புகள் இன்னும் இறுக்கமானவை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். புள்ளி வைத்த மெய்யும், கால், கொம்பு ஏற்ற உயிர்மெய்யும் இரண்டு குறியீடுகள். ஆக, ‘ஊர்’ என்ற சொல்லுக்கே 9 பைட் ஆகிறது. அது எப்படியோ 10க்குள் நுழைந்துவிடும். ‘பரப்பு’ என்று புலத்துக்குப் பெயர் வைத்தால் 18 பைட், நடுவில் வெட்டுப்படும். 254 பைட் உரை என்பதும் நமக்கு 84 குறியீடுகள்தான். களக் குறிப்பாக இரண்டு வாக்கியம் எழுதினால் இரண்டாவது வாக்கியம் பாதியில் நிற்கும். சிபிஜி கோப்பு தொலைந்தால் மிச்சமிருப்பதும் கேள்விக்குறிகளாகவோ சிதைந்த எழுத்துகளாகவோ விரியும். ஒரு முறை பல மாதக் களப்பணியின் குறிப்புகளை இப்படிப் பாதி வாக்கியங்களாகத் திரும்பப் பெற்றேன். மாற்றும்போது எச்சரிக்கை வந்திருக்கும், யாரும் படிக்கவில்லை. மூலக் கோப்பும் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தது. அந்த நாளிலிருந்து ஷேப்ஃபைலை வேலைக்கான வடிவமாக நான் பயன்படுத்துவதில்லை. யாராவது கேட்டால் ஏற்றுமதி செய்து கொடுப்பதோடு சரி.

ஜியோபேக்கேஜ் இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை ஒரே கோப்பில் தீர்க்கிறது. புவித்தகவல் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பு 2014இல் ஏற்ற தரம் அது. உள்ளே இருப்பது, ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம். புலப்பெயர் எவ்வளவு நீளமானாலும் சரி, தமிழில் இருந்தாலும் சரி. தெரியாத மதிப்பைத் தெரியாதது என்றே வைக்கலாம். பல அடுக்குகள் ஒரே கோப்பில் இருக்கும். கியூஜிஐஎஸ்ஸின் வண்ண அமைப்புகளையும் அதிலேயே சேமிக்கலாம். 2018இல் வந்த கியூஜிஐஎஸ் 3.0 முதல் புதிய அடுக்கு என்றாலே இயல்பாக ஜியோபேக்கேஜ்தான். கைப்பேசியில் எடுத்துக்கொண்டு இணையம் இல்லாத இடத்துக்குப் போகவும் இதைவிட வசதியான வடிவம் எனக்குத் தெரியாது.

ஆனால் இதற்கும் இரண்டு குணங்கள் உண்டு. தெரியாமல் இறங்குபவர் அடிபடுவார். ஒன்று, கியூஜிஐஎஸ்ஸில் திறந்திருக்கும்போது கோப்பின் பக்கத்தில் ‘வால்’ (wal), ‘எஸ்எச்எம்’ (shm) என்று முடியும் இரண்டு துணைக் கோப்புகள் தோன்றும். நீங்கள் சற்றுமுன் சேமித்த திருத்தம் முதலில் அந்த வால் கோப்பில்தான் உட்காருகிறது. அந்த நேரத்தில் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்து அனுப்பினால், கடைசித் திருத்தங்கள் இல்லாத நகல் போய்ச்சேரலாம். கியூஜிஐஎஸ்ஸை மூடிவிட்டு, துணைக் கோப்புகள் மறைந்ததைப் பார்த்த பிறகு நகலெடுப்பதுதான் பாதுகாப்பு.

மற்றது, ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ‘அலுவலகப் பகிர்வு வட்டில் வைத்து எல்லோரும் திறந்துகொள்ளலாமே’ என்ற யோசனை எல்லா அணியிலும் வரும். பிணையக் கோப்பமைப்புகளில் பூட்டும் முறை நம்பத்தக்கது அல்ல என்று எஸ்கியூலைட்டின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. நல்ல நாளில் ‘தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது’ என்ற செய்தி வரும். கெட்ட நாளில் கோப்பே பழுதாகும். பிறகு ஆளுக்கொரு நகல் எடுப்பார்கள். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகும். இரண்டு நகல்களிலும் ஒரே எல்லைக்கோடு வெவ்வேறு விதமாகத் திருத்தப்பட்டிருக்கும். எது சரி என்று சொல்லக்கூடியவர் அப்போது விடுப்பில் இருப்பார்.

அந்த இடத்தில்தான் போஸ்ட்ஜிஐஎஸ் வருகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு இடம்சார் அறிவைச் சேர்க்கும் நீட்சி இது. கனடாவின் விக்டோரியா நகரத்து ரிஃப்ராக்ஷன்ஸ் ரிசர்ச் நிறுவனம் 2001இல் முதலில் வெளியிட்டது. யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அடுக்குவாரியாக உரிமை கொடுக்கலாம். திருத்தம் ஒவ்வொன்றையும், யார், எப்போது என்று தனி அட்டவணையில் தானாகப் பதிவாகும்படி டிரிகர், அதாவது மாற்றம் நடந்ததும் தானே இயங்கும் கட்டளை, எழுதலாம். தமிழ்ப் பெயர்களை அகராதி வரிசையில் அடுக்குவதும் இங்கேதான் ஒழுங்காக நடக்கிறது. எஸ்கியூலைட் இயல்பாகக் குறியீட்டு எண் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று இருப்பதால் பட்டியல் நம் அகரவரிசையைப் பின்பற்றாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில், மொழிவாரி வரிசை விதிகளை வைத்திருக்கும் ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசையைக் கேட்டுப் பெறலாம்.

எனினும் ஒரு பெரிய நம்பிக்கையை இங்கே கொஞ்சம் குறைத்தாக வேண்டும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் வைத்துவிட்டால் இருவர் மோதவே மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. கியூஜிஐஎஸ் உங்கள் திருத்தங்களைச் சேமிக்கும் வரை தன்னிடமே வைத்திருக்கிறது. இருவர் ஒரே பலகோணத்தின் வடிவத்தைத் திருத்தினால், கடைசியாகச் சேமித்தவருடையதுதான் நிற்கும். ஒருவர் வடிவத்தையும் மற்றவர் பெயரையும் திருத்தினால் இரண்டும் பிழைக்கும், ஏனெனில் மாறிய புலங்கள் மட்டுமே எழுதப்படுகின்றன. மோதலை முன்கூட்டியே தடுக்க வேண்டுமானால் திட்ட அமைப்பில் தானியங்கிப் பரிவர்த்தனைக் குழுக்களை இயக்க வேண்டும். அப்போது ஒருவர் தொட்ட வரிசை மற்றவருக்குப் பூட்டப்படும். அவர் திருத்தத்தைத் திறந்து வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். நான் பெரும்பாலும் பூட்டுவதில்லை. பகுதிகளை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, டிரிகர் பதிவை நம்புகிறேன்.

கேள்வி கேட்கும் திறனில் இம்மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒவ்வொரு பள்ளிக்கும் 500 மீட்டருக்குள் இருக்கும் கிணறுகள் எவை? கோப்புகளோடு வேலை செய்பவர் பள்ளிகளைச் சுற்றி 500 மீட்டர் பஃபர், அதாவது சுற்றெல்லை, போட்டு, அதற்குள் விழும் கிணறுகளைப் பொறுக்குவார். பஃபர் வட்டம் அல்ல, பலகோணம் என்பதை மறந்துவிடுகிறோம். கியூஜிஐஎஸ் இயல்பாகக் கால்வட்டத்துக்கு 5 துண்டுகள் போடுகிறது, 20 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் தூரம் 500 இல்லை, சுமார் 493.8 மீட்டர். போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் பஃபர் இயல்பாகக் கால்வட்டத்துக்கு 8 துண்டுகள், அங்கேயும் 497.6 தான். அந்த இடைவெளியில் இருக்கும் கிணறு பட்டியலில் வராது.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் பஃபரே தேவையில்லை. எஸ்டி_டிவித்தின் என்ற சார்பு இரண்டு வடிவங்களும் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கின்றனவா என்று நேரடியாகச் சொல்லும். முதலில் ஜிஸ்ட் இன்டெக்ஸ் என்ற இடம்சார் தேடல் அட்டவணை மூலம் எல்லைப்பெட்டிகளை வைத்து வாய்ப்பே இல்லாதவற்றைக் கழிக்கும், பிறகு மீதியை மட்டும் துல்லியமாக அளக்கும். இதையே எஸ்டி_டிஸ்டன்ஸ் 500ஐவிடக் குறைவு என்று எழுதினால் விடை ஏறக்குறைய அதேதான். ஆனால் இன்டெக்ஸ் பயன்படாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு கிணற்றையும் அளந்துகொண்டிருக்கும். ‘போஸ்ட்ஜிஐஎஸ் மெதுவாக இருக்கிறது’ என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இந்த ஒரு வரியில் இருந்தது. மீதிப் பாதிப் பேர் இன்டெக்ஸே உருவாக்கவில்லை.

500 என்று எழுதும்போது அது மீட்டரா என்பதையும் பார்க்க வேண்டும். 4326 முறையில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும் ஜியோமெட்ரி வகைத் தரவுக்கு 500 என்றால் 500 டிகிரி. உலகம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். இணைய நிலப்படங்கள் பயன்படுத்தும் 3857 முறைக்கு மாற்றினால் அலகு மீட்டர் என்று காட்டும், ஆனால் நில நடுக்கோட்டிலிருந்து விலக விலக நீளம் ஊதிக்கொண்டே போகும். 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அது திரையில் காட்டுவதற்கான முறை, அளப்பதற்கு உரியதல்ல. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஜியோகிரஃபி என்ற தனி வகை இருக்கிறது. அது புவியின் நீள்வட்ட வடிவின் மீதே மீட்டரில் அளக்கும். கணக்குக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அதை ஏற்கும் சார்புகளும் குறைவு. சிறிய பகுதி என்றால் அந்த இடத்துக்கு உரிய யூடிஎம் மண்டலத்துக்கு (உலகைக் குறுகிய பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மாற்றி ஜியோமெட்ரியாகவே வைத்துக்கொள்வேன். நாடு, கண்டம் என்று விரிந்தால் ஜியோகிரஃபி.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் விலை பணத்தில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. சேவையகம் ஒன்று ஓட வேண்டும், காப்பு நகல் தினமும் எடுக்க வேண்டும், எடுத்த நகல் உண்மையில் மீள்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். அணியில் இதை ‘என் வேலை’ என்று எடுத்துக்கொள்ளும் ஒருவர் இல்லையென்றால் நான் போஸ்ட்ஜிஐஎஸ்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். கவனிக்க ஆளில்லாத தரவுத்தளத்தைவிட ஒரே ஆளிடம் ஒப்படைக்கப்பட்ட ஜியோபேக்கேஜ் எவ்வளவோ மேல்.

ஜியோஜேசன் என்ற உரை வடிவம் பற்றியும் கேட்பார்கள். இணையப் பக்கத்துக்குத் தரவை அனுப்ப நல்லது, சேமிப்புக்கு வேண்டாம். 2016இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற இணையத் தர ஆவணம் அதை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையோடு கட்டிவிட்டது. தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. பெரிய தரவை எழுதாமல் படித்து மட்டும் ஆராய்பவர்கள் நெடுவரிசைவாரியாகச் சேமிக்கும், 2023இல் 1.0 ஆன ஜியோபார்க்கே வடிவத்தைப் பார்க்கலாம்.

நான் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது: மூலம் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில், களத்துக்குப் போவது ஜியோபேக்கேஜில், வெளியார் கேட்டால் மட்டும் ஷேப்ஃபைல். பழைய ஷேப்ஃபைல்களை உள்ளே கொண்டுவர வடிவம் மாற்ற உதவும் ஜிடால் என்ற திறந்த மென்பொருள் தொகுப்பின் ஓஜிஆர்2ஓஜிஆர் கருவி போதும். ஷேப்ஃபைல் ஒற்றைப் பலகோணத்தையும் பல துண்டுப் பலகோணத்தையும் வேறுபடுத்துவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் பல துண்டு வகைக்கு உயர்த்தும்படி கட்டளையில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வகை பொருந்தவில்லை என்று பாதியில் நின்றுவிடும். பிஆர்ஜே தொலைந்த கோப்பு என்றால், எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி முறையின் பெயரை மட்டும் ஒட்டும், எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் எண்களையே மாற்றும் என்ற வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டையும் குழப்பியதால் கடலுக்குள் போய் விழுந்த அடுக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, வரிசைகளின் எண்ணிக்கையைப் பழைய கோப்போடு ஒப்பிடுவது. இரண்டாவது, எஸ்டி_இஸ்வேலிட் பொய் என்று சொல்லும் வடிவங்களைப் பட்டியலிடுவது. பட்டியலில் பெரும்பாலும் தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்ட பலகோணங்கள் இருக்கும். எட்டு என்ற எண்போல முறுக்கிக்கொண்டவை. அவற்றின் இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் பரப்பு ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. இரண்டும் சமமாக இருந்துவிட்டால் விடை 0. கண்முன்னே நிலம் இருக்கும், கணக்கில் இருக்காது. எஸ்டி_மேக்வேலிட் அதை இரண்டு முக்கோணங்களாக்கிச் செல்லுபடி ஆக்கிவிடும், ஆனால் அளந்தவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் ஒரு நாற்கரம். அதனால் அந்தச் சில வரிசைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த முனை வரிசை மாறி விழுந்தது என்று பார்த்துக் கையால் திருத்துகிறேன்.