நாய்க்கான மருத்துவ உணவை லூஸில் வாங்காதீர்கள்

வயிறு சரியில்லாத நாய் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மருத்துவ உணவைக் கடைக்காரர் பெரிய மூட்டையிலிருந்து அள்ளி ஜிப் கவரில் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். எங்கள் ஏரியா பெட் ஷாப் ஒன்றில் எங்களுக்கு நடந்தது இது. கடையின் பெயரைப் போடவில்லை.

ஜிம்மி லாப்ரடார், நாலு வயது. அடிக்கடி பேதி, சளி போலச் சேர்ந்து போகும், எடை இறங்கிக்கொண்டே வந்தது. மலப் பரிசோதனையில் புழு இல்லை, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இல்லை. உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்று டாக்டரம்மா ஹைட்ரலைஸ்டு புரத உணவை எழுதினார். புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துச் செய்வதால் உடம்பு பெரும்பாலும் அதைக் கண்டு முரண்டு பிடிக்காது. "இந்தச் சாப்பாடுதான் டெஸ்ட்டே. வேற ஒரு பிஸ்கட்கூடக் குடுக்காதீங்க. ஒவ்வாமைன்னா பெரும்பாலும் ரெண்டு வாரத்துலயே வயித்துல மாற்றம் தெரியும்" என்றார்.

கடைக்காரர் ரொம்ப அக்கறையாகப் பேசினார். "முழு மூட்டை எதுக்கு சார்? நாய்க்குப் பிடிக்குதான்னு பாருங்க, லூஸ்ல தர்றேன்." கிலோ 900 ரூபாய்.

மாற்றமே இல்லை. வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று டாக்டர் குடைந்து குடைந்து கேட்டார். சத்தியமாக இல்லை. அம்மா வைக்கும் தயிர்சாதத்தைக்கூடச் சண்டை போட்டு நிறுத்தியிருந்தோம். அப்படியானால் சாப்பாடு காரணமில்லை என்றுதானே எந்த டாக்டரும் நினைப்பார்? ரத்தப் பரிசோதனை, கணையத்துக்குத் தனியாக ஒரு டெஸ்ட், ஸ்கேன் என்று போனது. மயக்க ஊசி போட்டு எண்டோஸ்கோபி செய்யலாமா, ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாமா என்பது வரை பேச்சு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் கடை மூடியிருந்ததால் கிளினிக்கிலேயே சீல் போட்ட சின்னப் பை ஒன்று வாங்கினோம். பழைய கவரில் மிச்சம் இருந்ததைப் பக்கத்தில் கொட்டிப் பார்த்தால் வடிவம் வேறு, நிறம் வேறு. பழையதில் சிக்கு எண்ணெய் வாடை வேறு. சீல் பையிலிருந்து போட ஆரம்பித்ததும் அடுத்த வாரமே மலம் கெட்டிப்பட்டது. எண்டோஸ்கோபி பேச்சு அதோடு நின்றது.

கடையில் கேட்டோம். முதலில் "கம்பெனியில ஷேப் மாத்திட்டாங்க". அப்புறம் "பையன் தெரியாம மாத்திப் போட்டிருப்பான்". மூட்டையைக் காட்டுங்கள் என்றால் "குடோன்ல இருக்கு".

சிக்கன் கலந்த சாதா டாக் ஃபுட்டைத்தான் தந்திருப்பார்கள் என்பது என் ஊகம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. டெஸ்ட்டே பொய்யாகி, தேவையில்லாத சிகிச்சைக்கு நாயைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான் ஆத்திரம். கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும் லூஸ் சரிப்படாது. ஒரே கரண்டியால் எல்லா மூட்டையிலும் அள்ளுவார்கள். சிக்கன் தூள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலே இந்த டெஸ்ட் கெட்டுவிடலாம். காற்றுப் பட்டால் உணவிலுள்ள கொழுப்பு சிக்குப் பிடிக்கும், ஈரக் காற்றில் பூஞ்சை வரும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு நாயின் கல்லீரலையே கெடுக்கும்.

சீல் பையில் பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி தேதி, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்த பிறகும் அதே பையிலேயே வாய்கட்டி வையுங்கள். டப்பாவில் கொட்டினால் பேட்ச் எண் குப்பைக்குப் போய்விடும், பிரச்சினை வந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

இந்த உணவை ஆரம்பித்தும் மாற்றம் இல்லையென்றால் அடுத்த டெஸ்ட்டுக்குப் போகும் முன் பையை டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, நாய் சுருண்டு படுத்தாலோ இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குட்டி என்றால் இன்னும் சீக்கிரம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், பில்லில் "டாக் ஃபுட் லூஸ்" என்று மட்டும்தான் அடித்திருக்கிறார்கள், பிராண்டு பெயரே இல்லை. நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் உணவின் முழுப் பெயரோடு பில் கேட்டு வாங்குங்கள்; தரமாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம்.