"வாங்கட்டுமா அத்தை?" – ஐந்து வருஷம் உழைத்த லேப்டாப் பற்றி

பேரணாம்பட்டில் இருக்கும் நாத்தனார் மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். என்னிடம் இருக்கும் லேப்டாப்பின் புது மாடல். விலையில் 7,000 ரூபாய் குறைத்திருக்கிறார்கள். "அத்தை, உங்களுது இதுதானே? நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு சொல்லிக்கினே இருப்பீங்களே, வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

இரண்டு நாள் பதில் போடவில்லை. நல்லா இருக்குது என்று நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் போன வருஷம் ஜூன் 11-ம் தேதி அது எனக்குச் செய்ததும் உண்மை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே முழுசாக எழுதிவிடுகிறேன்.

நான் குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். 11 பேருக்கு ஜிஎஸ்டி பார்க்கிறேன். லுங்கி வியாபாரம் இரண்டு, ஒரு மருந்துக்கடை, மற்றதெல்லாம் பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் தைக்கிற சின்னச் சின்ன யூனிட். 2021 ஆகஸ்டில் இந்த லேப்டாப்பை வாங்கினேன். ராம் எவ்வளவு, பிராசசர் என்ன என்பதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் ஸ்டிக்கரிலேயே இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

இதன் கீபோர்டு மாதிரி நான் இதுவரை எதிலும் அடித்ததில்லை. வலது பக்கம் தனி நம்பர் பேட் இருக்கிறது. அதில் 5-ம் பட்டன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், பார்க்காமலே விரல் இடம் பிடிப்பதற்காக. ஐந்து வருஷத்தில் அந்த மேடு தேய்ந்து விரலுக்கே தெரியாமல் போய்விட்டது. ஆனால் ஒரு தடவை அழுத்தி இரண்டு தடவை எண் விழுந்ததென்பது இதுவரை கிடையாது. பில் ஏற்றுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தால் ராத்திரி முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது வெயில். வேலூர் மாவட்டத்து மே மாசத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் என் அறையில் மேலே சிமென்ட் ஷீட்டு கொதிக்கும், ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளும். அந்த அறையில் ஐந்து கோடை இது ஓடியிருக்கிறது. காற்றாடி சத்தம் போடும், அடி சுடும், ஆனால் நடுவில் அணைந்ததில்லை. மாசத்தில் ஒரு நாள் மின்வாரியத்தில் பராமரிப்பு என்று காலையில் கரண்ட்டை நிறுத்தினால் பேட்டரியில் இன்னமும் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. மூடியின் கீல் இன்றைக்கும் இறுக்கமாகவே இருக்கிறது.

இப்போது அந்த ஜூன் மாசம்.

மாசாமாசம் விண்டோஸ் அப்டேட் வருவது இரண்டாம் செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு விடுவார்கள், அங்கே கோடையா குளிர்காலமா என்பதைப் பொறுத்து நமக்கு அது அன்றைக்கு ராத்திரி 10.30 அல்லது 11.30. இரண்டாம் செவ்வாய் எந்த மாசமானாலும் 8-க்கும் 14-க்கும் நடுவில்தான் விழும். விற்ற பில்களைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை மாசாமாசம் போடக் கடைசி நாள் 11. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு எழுதுகிற எவருக்கும் கை ஓயாத அந்த நாட்களில்தான் அப்டேட்டும் வந்து நிற்கும். 2025 ஜூனில் செவ்வாய்க்கிழமை 10-ம் தேதி. மறுநாள் கெடு.

அன்றைக்கு ராத்திரி பேரணாம்பட்டு யூனிட் ஒன்றின் மே மாச பில்களை ஏற்றி முடித்து, பில் புத்தகத்தை அவர்கள் அனுப்பிய பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். 11 பேரில் ஏழு பேருக்குப் போட்டாயிற்று, நாலு பேர் பாக்கி. காலையில் எழுந்து முடித்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை அணைக்கப் போனேன். 'அப்டேட் செய்து அணை' என்றிருந்தது. எப்போதும் அழுத்துகிறதுதானே, அழுத்தினேன். சார்ஜர் மாட்டித்தான் இருந்தது.

காலை ஐந்தரைக்குப் பவர் பட்டனைத் தட்டினேன். விளக்கு எரிந்தது, காற்றாடி ஒரு மூச்சு வேகமாகச் சுற்றி அடங்கியது. திரை கறுப்பு. கேப்ஸ் லாக் விளக்கு மூன்று தடவை சிமிட்டி நின்றது, மறுபடி மூன்று தடவை. சார்ஜரைக் கழற்றினேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கினேன். பவர் பட்டனை முழுசாக முப்பது விநாடி அழுத்திப் பிடித்து விட்டுப் பார்த்தேன். செல்போன் டார்ச்சைத் திரையில் அடித்து மங்கலாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். டிவியில் கேபிள் மாட்டியும் பார்த்தாயிற்று. அதே மூன்று சிமிட்டல்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மூன்று தடவை ஆன் செய்து நடுவில் அணைத்தால் மீட்புத் திரை வரும், அதில் கடைசி அப்டேட்டை நீக்கிவிடலாம் என்று என் தம்பி போனிலேயே படித்துக் காட்டினான். தப்பான யோசனை இல்லை. ஆனால் அது எனக்கான யோசனை இல்லை என்பது வேலூரில் ரிப்பேர் செய்கிற தம்பி கேட்ட முதல் கேள்வியில்தான் புரிந்தது: "க்கா, கம்பெனி லோகோ வருதா, வரலையா?"

அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் எழவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லோகோ வந்து, கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றி, அங்கே மாட்டிக்கொண்டால் கோளாறு விண்டோஸில். அதற்குத்தான் மீட்புத் திரை, ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோட், அப்டேட் நீக்கம் எல்லாம். பெரும்பாலும் வீட்டிலேயே முடியும். லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. அதற்கு முன்னால் எழுந்து ராமையும் டிஸ்கையும் தட்டி எழுப்புகிற பயாஸ் என்ற சின்ன மென்பொருள் மதர்போர்டில் ஒரு சிப்பில் இருக்கிறது. என் லேப்டாப்பில் படுத்துக்கொண்டது அதுதான். வழக்கமான அப்டேட்டோடு லேப்டாப் கம்பெனி தன் பயாஸ் அப்டேட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. அது சிப்பில் பாதி எழுதி நின்றுவிட்டது.

வேலூருக்குப் போவதற்கு முன் கம்பெனியின் உதவி எண்ணுக்கும் பேசினேன். முதலில் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாற்பது நிமிஷம் காத்திருந்த பிறகு ஒரு பெண் வந்து, வாரண்டி முடிந்துவிட்டது, மதர்போர்டு மாற்ற வேண்டியிருக்கும், 19,000 பக்கம் ஆகும் என்றார். பொருளைக் கண்ணால் பார்க்காமல் சொன்ன தொகை அது. அவர்கள் அனுப்பிய அப்டேட்டால்தான் இப்படி ஆனது என்றேன். அதற்கு வேறு எண்ணுக்குப் பேசச் சொன்னார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவர் அவர். எழுதிக் கொடுத்தவர்கள்மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

பள்ளிகொண்டா வழி பஸ்ஸில், லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே. அந்தத் தம்பி பின்மூடியைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினார், ராமை எடுத்துத் துடைத்து மறுபடி அழுத்தி உட்கார வைத்தார். அப்புறம் கம்பெனியின் தளத்திலிருந்து சரியான மாடலுக்கான பயாஸ் கோப்பை இறக்கி, பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, கோப்பின் பெயரை மாற்றிப் போட்டார். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திக்கொண்டே பவரைத் தட்டினார். காற்றாடி முழு வேகத்தில் கத்தியது. திரையில் ஒன்றுமில்லை. "இப்ப யாரும் தொடக்கூடாதுக்கா" என்று பிளக் கழன்றுவிடாமல் கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஆறேழு நிமிஷம் கழித்து ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. லோகோ வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நிமிஷமே நீலத் திரை. பிட்லாக்கர் சாவி கேட்டது, 48 இலக்கம்.

இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து லேப்டாப்பைத் தொடங்கினால் இப்போதெல்லாம் பெரும்பாலும் பிட்லாக்கர் என்ற பூட்டால் டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பயாஸ் மாறினால் திருடன்தான் கை வைத்திருக்கிறானோ என்று சந்தேகப்பட்டு அது சாவி கேட்கும். திருடு போனால் இது நல்ல காவல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் லேப்டாப்பை 2021-ல் தொடங்கி வைத்தது நான் இல்லை. வாங்கிய கடைப் பையன். "ரெடி பண்ணித் தரேங்க" என்று அவனே ஒரு மெயில் உருவாக்கி, அவனே பாஸ்வேர்டு போட்டு, அவனே நுழைந்து கொடுத்தான். அந்த மெயில் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை.

உதவி எண்ணில் கேட்டார்களே என்று பில்லைக் கொண்டு போயிருந்தேன். அதுதான் காப்பாற்றியது. தெர்மல் காகிதம், அச்சடித்ததெல்லாம் மங்கி வெறும் மஞ்சள் தாளாகிவிட்டது. கடைப் பெயர், தேதி, தொகை எதுவும் இல்லை. பின்பக்கம் நீலப் பால்பாயின்ட்டில் அந்தப் பையன் எழுதிய மெயிலும் பாஸ்வேர்டும் மட்டும் அப்படியே இருந்தன. போனில் நுழைந்தால் சரிபார்ப்பு எண் என் வீட்டுக்காரரின் பழைய நம்பருக்குப் போனது. ஷிஃப்டில் இருந்தவரைக் கூப்பிட்டு, "ஒரு நம்பர் வரும், படிச்சி சொல்லுங்க" என்றேன். சொன்னார். திரையில் காட்டிய சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தும் கணக்கில் இருந்ததும் ஒன்றாக இருந்தன.

அந்தத் தம்பி அப்போது ஒன்று சொல்லிக் கொடுத்தார். 48 இலக்கம் என்பது 8 தொகுதி, தொகுதிக்கு 6 இலக்கம். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். காகிதத்தில் எழுதும்போது ஒரு இலக்கம் தப்பினாலும் கால்குலேட்டரில் தெரிந்துவிடும். நான் எட்டையும் வகுத்துப் பார்த்துவிட்டே அடித்தேன். என் டேலி கணக்கெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அவர் வாங்கிக்கொண்டது 700 ரூபாய்.

வீடு வந்து சேர ஐந்தரை. கடைசி நாள் கூட்டத்தில் ஜிஎஸ்டி தளம் நகர மறுத்தது. மூன்று பேருக்கு ஒருவழியாகப் போட்டுவிட்டேன். நாலாவது அந்தப் பேரணாம்பட்டு யூனிட். ஓடிபி உரிமையாளரின் போனுக்குத்தான் போகும். நான் கூப்பிடும்போது மணி 11.40, அவர் தூங்கிவிட்டார். நியாயமாகப் பார்த்தால் இதை லேப்டாப் கணக்கில் எழுதக்கூடாதுதான். ஆனால் காலை ஆறரைக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

11-ம் தேதி தாண்டிப் போட்டால் அந்த பில்கள், வாங்குகிறவர் எந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டுகிற அந்த மாச 2பி பட்டியலில் வராது, அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போகும். அந்த யூனிட்டிடம் வாங்குகிற ஆம்பூர் பார்ட்டி 14-ம் தேதி பார்த்தார்கள். பில் இல்லை. வரிப் பணத்தை மட்டும் ஒரு மாசம் நிறுத்தினார்கள். எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற சின்ன யூனிட் அது. அதன் உரிமையாளர் என்னிடம், "பரவால்லம்மா, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்தி வைக்கிறவர்களைத் தெரியும். நான் அதைச் செய்யவில்லை, 11 பேரின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. மாசம் 5-ம் தேதி அப்டேட்டை மூன்று வாரம் நிறுத்தி வைக்கிறேன். செட்டிங்ஸிலேயே ஐந்து வாரம் வரை நிறுத்த வழி இருக்கிறது. 20-ம் தேதி வரி கட்டுகிற ஜிஎஸ்டிஆர்-3பி-யும் முடிந்து 26-க்கு மேல் வருகிற ஞாயிற்றுக்கிழமை, டேலியை வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு, பகலில் அப்டேட் போடுகிறேன். பயாஸ் உள்ளே போய், விண்டோஸ் வழியாக ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் மாதிரி சிப்பில் எழுதுகிற மென்பொருள், வருவதைத் தடுக்கிற அமைப்பையும் மாற்றி வைத்தேன். சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். அந்த ஜூன் அப்டேட் வரலாற்றைத் திறந்து பார்த்தபோது டிரைவர் வரிசையில் ஃபர்ம்வேர் என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு மெஷினையே முடக்கிப் போடக்கூடிய வேலைக்கு, முதல் நாள் ராத்திரி தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், நாளைக்குக் கெடு, வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாக ஒரு கோளாறும் இல்லை. கீபோர்டு அதே கீபோர்டுதான். இந்த விலையில் இவ்வளவு உழைக்கிற லேப்டாப் வேறு பார்த்ததில்லை என்று இப்போதும் சொல்வேன்.

ஆனாலும் அவளுக்கு வேண்டாம் என்றுதான் பதில் போட்டேன். 7,000 குறைத்திருந்தாலும் வேண்டாம். கெட்டுப்போனது யாருக்கும் நடக்கும், பொறுத்துக்கொள்வேன். பார்க்காமலே 19,000 என்று சொன்ன கம்பெனிக்கு எங்கள் வீட்டிலிருந்து இன்னொரு லேப்டாப்புக்குப் பணம் போக எனக்கு மனசு வரவில்லை.

வேறு எது வாங்கினாலும் கடையில் பெட்டியைப் பிரிக்க விடாதே, சீலோடு நேரே குடியாத்தம் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அவள் மெயில், அவள் நம்பர், அவள் கையாலேயே தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.