நேரடி ஆளா, தவணை ஆளா, காண்டிராக்டர் ஆளா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மளிகைக் கடை, டயர் பட்டறை, பத்துப் பன்னிரண்டு ஏக்கர் செம்பனை என்று ஏதோ ஒன்றை நடத்துகிற நம்மவர்களுக்கு ஆள் எடுக்கும்போது ஒரே கவலைதான்: பின்னால் தலைவலி வரக் கூடாது. சில கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் என்னிடமும் இதைக் கேட்பார்கள். நேரடியாக எடுப்பதா, ஆறு மாதம் ஒரு வருடம் என்று தவணை போட்டு எடுப்பதா, காண்டிராக்டரிடம் விட்டுவிடுவதா? பெரும்பாலான சிறு முதலாளிகளுக்கு நேரடியாக எடுப்பதே நல்லது என்பேன். மலிவு என்று நினைத்து மற்ற இரண்டுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்.

முதலில் காசுக் கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், அதற்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதலும் இது கட்டாயம். முதலாளி பங்காக இபிஎஃப் என்ற சேமநிதிக்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் இஐஎஸ் என்ற வேலை இழப்புக் காப்புறுதியும் சேர்ந்தால் இன்னும் முப்பது வெள்ளி சொச்சம். ஆக, ஓர் ஆளுக்கு மாதம் 1,950 வெள்ளி சொச்சம் ஆகிறது. தவணை ஆளுக்கும் இதே கணக்குதான், ஒரு காசு குறையாது. நாள் கூலிக்கு இபிஎஃப் கட்ட வேண்டாம் என்று இன்னும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், கட்டத்தான் வேண்டும். வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாள் கூலியும் 65.38 வெள்ளிக்குக் கீழே இறங்கக் கூடாது.

அப்படியானால் தவணை ஒப்பந்தத்தில் என்னதான் லாபம்? தேதி முடிந்தால் ஆளை அனுப்பிவிடலாம் என்ற ஒரே நம்பிக்கைதான். மினி மார்க்கெட் வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஒருநாள் ஒப்பந்தத் தாளை நீட்டினார். "தம்பி, ஆறு மாசம் ஆறு மாசமா எழுதிட்டா அவன் பர்மனென்ட் ஆக மாட்டான்தானே?" தாளைப் பார்த்தேன். ஆளின் பெயர், வேலை, சம்பளம் எல்லாம் முதலில் டைப் அடித்தபடியே இருந்தன. தேதி இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை மை தடவி மேலே புதுத் தேதி எழுதியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பழைய தேதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இது சிக்கினால் அவருக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

ஏனென்றால் நீதிமன்றம் தாளின் தலைப்போடு நின்றுவிடுவதில்லை. 2020இல் எய்ம்ஸ் சைபர்ஜயா என்ற நிறுவனத்தின் வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: இரு தரப்பின் உண்மையான எண்ணம் என்ன, முதலாளி பிறகு எப்படி நடந்துகொண்டார், தொழிலும் வேலையும் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும். கல்லாவில் உட்காரும் ஆள் கடை இருக்கும்வரை தேவை. அந்த வேலைக்கு மூன்று நான்கு முறை தவணையைப் புதுப்பித்துவிட்டு, பிறகு "தவணை முடிந்தது, போ" என்றால் அது வேலைநீக்கமாகவே கருதப்படலாம்.

நிஜமாகவே முடியும் வேலைக்குத் தவணை சரிதான். தீபாவளிக்கு முன் துணிக்கடையில் கூடுதல் ஆள் போடுவது, 98 நாள் பிரசவ விடுப்பில் போன பெண்ணின் இடத்துக்கு ஆள் எடுப்பது போன்றவற்றில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணை என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏன் தவணை என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

காண்டிராக்டர் கதை வேறு. செம்பனைக்கு அது பொருந்தும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டுவதற்காக மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது சிறு தோட்டக்காரருக்குக் கட்டாது. சொந்த லோரி, சொந்த அரிவாள், நாலு தோட்டத்து வேலை என்று வைத்திருப்பவரிடம் டன்னுக்கு இவ்வளவு என்று பேசிவிடுவதே முறை. ஆனால் கடையில் தினமும் சாமான் அடுக்கும் பையனைக் "காண்டிராக்டர் ஆள்" என்று எழுதி வைத்தால் நிற்காது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 101சி பிரிவு இருக்கிறது. வேலை எப்படி, எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்களா, கருவி நீங்கள் கொடுத்ததா, வேலை உங்கள் தொழிலின் அங்கமா, அவர் வருமானத்தில் பெரும்பகுதி உங்களிடமிருந்து வருகிறதா என்று பார்த்து, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவரை உங்கள் தொழிலாளி என்றே அனுமானிக்க அது இடம் தருகிறது.

காண்டிராக்டர் தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால்? அந்த வேலை உங்கள் தொழிலைச் சேர்ந்ததாக இருந்தால், அதே வேலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி மூன்று மாதச் சம்பளம் வரை அவர்கள் உங்களிடம் கேட்கலாம். கொடுத்துவிட்டு அப்புறம் அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டும். அவருடைய ஆட்கள் வெளிநாட்டவர் என்றால் வேலை பெர்மிட்டையும் கேட்டுப் பாருங்கள். பெர்மிட் இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டப்படி ஒவ்வோர் ஆளுக்கும் 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "அவர் ஆட்கள்தானே" என்று நீங்கள் சொல்வதை அதிகாரிகள் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம்.

நேரடி ஆளைக் கண்டு முதலாளிகள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: சரியில்லை என்றால் எப்படி அனுப்புவது? அனுப்பலாம், ஆனால் வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று தட்டிவிட்டு அல்ல. அந்த ஒரு செய்தியே போதும், வேலைநீக்கம் நடந்த 60 நாளுக்குள் அவர் தொழிலியல் உறவுத் துறைக்குப் போய்விடலாம். அங்கே சமரசம் ஆகாவிட்டால் தொழிலியல் நீதிமன்றம். தோற்றால் பின்சம்பளமே, அதாவது வேலை போன நாளிலிருந்து கணக்கிடும் சம்பளமே, 24 மாதம் வரை போகும், பயிற்சிக்கால ஆள் என்றால் 12 மாதம் வரை. நோட்டீஸ் கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் 4 வாரம், ஐந்துக்குள் 6, அதற்கு மேல் 8 என்ற நோட்டீஸ் கணக்கு ஒரு பக்கம்; தகுந்த காரணம் காட்டுவது இன்னொரு பக்கம்.

ஆகவே மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சிக்காலம் வைத்து, குறைகளை அவ்வப்போது எழுத்தில் கொடுங்கள். திருட்டு, சண்டை என்றால் முதலில் விளக்கக் கடிதம் கேளுங்கள், பிறகு உள் விசாரணை நடத்துங்கள். விசாரணைக்காக இரண்டு வாரம் வரை அரைச் சம்பளத்தில் நிறுத்தி வைக்கலாம். குற்றம் இல்லை என்று தெரிந்தால் மீதி அரையைக் கொடுத்துவிட வேண்டும். சொல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவர் என்று வேலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொன்னாலும், ஒரு பதிவுத் தபால் அனுப்பிக் காரணம் கேட்டுவிட்டு முடிவெடுப்பதே பத்திரம்.

வார இறுதிக் கூட்டத்துக்கு மட்டும் ஆள் வேண்டும் என்பவர்களுக்குப் பகுதி நேர வேலை இருக்கிறது. முழு நேர ஆளின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்குள். வாரம் 45 மணி நேரத்தை வைத்துப் பார்த்தால் 13.5க்கு மேல், 31.5 வரை. இவர்களுக்கும் இபிஎஃப், சொக்சோ, விடுப்பு எல்லாம் உண்டு, விடுப்பு நாள்கள் மட்டும் குறைவு. வந்த நேரம் போன நேரத்தை ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். தீபாவளி மாதத்தில் அந்த 31.5 மணி எல்லையைத் தாண்டுவது இந்த ஊர்க் கடைகளில் சர்வ சாதாரணம்.