சக்கர நாற்காலியில் மான் வேட்டை: விஸ்கான்சினின் அக்டோபர் வாய்ப்பு எப்படி இருந்தது?

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், ஈராக்கில் இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தவர். சின்ன வயதில் அப்பாவோடு வருடம் தவறாமல் மான் வேட்டைக்குப் போனவருக்கு, ஊர் திரும்பிய பிறகு அது நின்றே போயிருந்தது. போன அக்டோபரில் விஸ்கான்சினில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக நடக்கும் துப்பாக்கி மான் வேட்டைக்கு அவருக்குத் துணையாகப் போய்வந்தேன். உங்களுக்குத் தெரிந்த முன்னாள் ராணுவத்தினர் யாராவது இப்படி வீட்டோடு முடங்கியிருந்தால் அவரிடம் சொல்லுங்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். குறைந்தது 60 ஏக்கர் நிலம் உள்ளவர்கள் மாநில இயற்கை வளத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்து தங்கள் நிலத்தைத் திறந்துவிடுகிறார்கள். துறை வெளியிடும் பட்டியலைப் பார்த்து நாமே நில உரிமையாளரைக் கூப்பிட்டு, செப்டம்பர் 1க்கு முன் இடம் பிடிக்க வேண்டும். வழக்கமான வேட்டை உரிமத்தோடு மாற்றுத்திறனாளி அனுமதியும் தேவை. அவரிடம் இருப்பது ஏ வகை, நிறுத்திய வண்டிக்குள் இருந்தே சுடலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு சி வகை.

நவம்பரில் எல்லோருக்குமான பருவம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். குளிரில் வெட்டுப்பட்ட இடத்து நரம்பு இழுக்குமாம், பனியில் சக்கரம் நகராதாம். அதைவிட முக்கியமானது, நவம்பரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காட்டில் இருப்பார்கள், எந்தப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. அக்டோபரில் அந்தத் தொல்லை இல்லை. நாங்கள் இருந்த காலை முழுக்கக் கேட்டது கொக்குகளின் கத்தல்தான்.

நாங்கள் போனது மாநிலத்தின் தெற்கே ஒரு சோளப் பண்ணை. கட்டணம் கேட்கவில்லை. டாங்கிக்கு இருப்பது போல ரப்பர் பட்டை போட்ட மின்சார நாற்காலி ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார்கள், உழுத மண்ணில் அது போகிற போக்கைப் பார்க்க வேண்டும். மறைவுக் குடிலின் வாசல் நாற்காலி நுழையும் அகலம், படிக்குப் பதில் சரிவுப் பலகை, சுடும் சன்னல் உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில். இதையெல்லாம் யோசித்துக் கட்டிய மனிதர் யாரோ, அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல ஆசை.

விடிந்து ஒரு மணி நேரத்தில் சோயா வயலோரம் ஒரு பெண்மான் வந்தது. நாற்காலியின் பிரேக்கை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, தாங்கியில் துப்பாக்கியை வைத்து, மான் பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்து ஒரே குண்டு. ஓடித் தவிக்காமல் அங்கேயே விழுந்தது. வேட்டை 1972லிருந்தே சட்டப்படி தடையாக இருக்கும் நாட்டிலிருந்து வந்தவன் நான், மனசு கொஞ்சம் கனத்தது, அதை மறைக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குடலை எடுத்துச் சுத்தம் செய்யத் தன்னார்வலர்கள் கத்தியோடு வந்தார்கள். நானே செய்கிறேன் என்றார் இவர். ஒருவரும் மறுபேச்சு பேசவில்லை, மானைத் தூக்கிப் பிக்கப் வண்டியின் பின்பலகையில் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் கிடத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். உதவி என்றால் இப்படி இருக்க வேண்டும். ஐயோ பாவம் என்று ஒரு பார்வைகூட அங்கே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. அங்கே வைத்திருந்த தற்காலிகக் கழிப்பறை சாதாரணமானது, படி ஏறித்தான் நுழைய வேண்டும், நாற்காலி போகாது. இவர் அதை முன்பே எதிர்பார்த்து முந்தின இரவிலிருந்து காபி, தண்ணீர் எதுவும் குடிக்காமல் வந்திருந்தார். அது திரும்பும் வழியில்தான் எனக்குத் தெரியும், கோபம் வந்தது. இவ்வளவு யோசித்தவர்கள் இதை எப்படி விட்டார்கள்? பண்ணைக்காரரிடம் சொன்னோம், வருத்தப்பட்டார், அடுத்த தடவை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். இடம் கிடைப்பதும் சுலபமில்லை, நாங்கள் கூப்பிட்ட முதல் மூன்று இடங்களும் நிரம்பியிருந்தன. ஃபோர்ட் மெக்காய் ராணுவத் தளத்திலும் அக்டோபரில் இதே போன்ற வேட்டை உண்டு, அதையும் பார்த்து வையுங்கள்.

சுட்ட மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். விஸ்கான்சின் மான்களில் 2002லிருந்து ஒரு மூளை நோய் கண்டறியப்பட்டு வருகிறது, அதற்கான சோதனை இலவசம், மாதிரி கொடுக்காமல் சாப்பிடாதீர்கள். எங்கள் மானுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்த அன்று முதுகுக்கறியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். மிளகு தூக்கலாக வறுத்து ஒரு கிண்ணம் திருப்பி அனுப்பினேன். அடுத்த அக்டோபருக்கு என் ஆரஞ்சு மேலங்கியைத் துவைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.